எல்லோரும் தட்டிய மூன்றாவது வரி

மூன்று வழிகளைச் சொல்லி, இதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டால் ஆட்கள் முதலாவதை எடுப்பார்கள். சோம்பேறிகள் முதலாவதை எடுப்பார்கள், அவசரக்காரர்களும் முதலாவதை எடுப்பார்கள், நிதானக்காரர்கள் மூன்றையும் படித்து முடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே முதலாவதற்கு வந்து சேர்வார்கள். கணினியில் எச்சரிக்கை வாசகம் எழுதிப் பிழைக்கிற யாருக்கும் இது தெரிந்த சங்கதி. அப்படியிருக்க, கமா எழுதிய எச்சரிக்கையைப் பார்த்தவர்கள் மட்டும் ஏன் ஆள் மாற்றி ஆள் மூன்றாவதையே தட்டிக்கொண்டிருந்தார்கள்? அதுவும் ஆபத்தானது என்று சொல்லி, அவளே கடைசியில் ஒதுக்கி வைத்த மூன்றாவதை?

கமா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். யார் எழுதிய வாக்கியத்தைக் கொடுத்தாலும் அதில் ஒரு கமாவைச் சேர்க்காமல், அல்லது ஒரு கமாவைப் பிடுங்காமல் திருப்பித் தரமாட்டாள். அவள் வேலை செய்த மென்பொருளின் பெயர் பின்னல். அது என்ன செய்கிறது என்பதை ஒரு முறை சொல்லிவிட்டால் மீதிக் கதை தானாக ஓடிவிடும்.

ஒரு வீட்டின் வரைபடத்தை இரண்டு பேர் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுப் பிரதி ஒன்று நடுவில் இருக்கிறது. ஆளுக்கொரு நகலை எடுத்துக்கொண்டு போய் அவரவர் கணினியில் திருத்துகிறார்கள். நீங்கள் சமையலறையைப் பெரிதாக்குகிறீர்கள். உங்கள் கூட்டாளி ஒரு சன்னலை நகர்த்தி, முந்திக்கொண்டு அதைப் பொதுப் பிரதியில் சேர்த்தும் விட்டார். இப்போது நீங்கள் உங்கள் கணினியில் ‘பின்னல் கொண்டுவா’ என்று தட்டுகிறீர்கள். அவருடைய சன்னல் வந்து இறங்குகிறது. உங்கள் சமையலறையும் இருக்கிறது. ஒரே துணியிலிருந்து பிரிந்த இரண்டு இழைகள் மாதிரி இரண்டும் நிற்கின்றன. எப்படி ஒன்றாக்குவது?

வழி மூன்று. முதலாவது, முடிச்சு: இரண்டு இழைகளையும் இருந்தபடியே விட்டு, நுனியில் ஒரு முடிச்சுப் போடுவது. இருவரும் ஒரே இடத்தில் கைவைத்திருந்தால் அந்த இடம் வந்ததும் நின்று, எது வேண்டும் என்று உங்களைக் கேட்கும். இரண்டாவது, அடுக்கு: உங்களுடையதைக் கொஞ்ச நேரம் ஓரமாக எடுத்து வைத்து, அவருடையதைப் போட்டு, அதன் தலையில் உங்களுடையதை மறுபடி ஏற்றுவது. பார்க்க ஒற்றை இழையாக அழகாக இருக்கும். மூன்றாவது, எனதே: இருவரும் ஒரே இடத்தில் கைவைத்திருந்தால் உங்களுடையதை வைத்துக்கொண்டு, அவருடையதைப் பேச்சுமூச்சில்லாமல் மறைத்துவிடுவது. வீட்டில் ஒன்று, வேலையில் ஒன்று என்று இரண்டு கணினி வைத்துத் தனியாக வேலை பார்க்கிற ஆளுக்கு அது வசதி. கூட்டாளி இருக்கிறவருக்கு அது வம்பு.

எந்த வழி என்று நீங்கள் சொல்லாவிட்டால், பின்னல் தானாக முடிச்சுத்தான் போடும். ஆரம்ப நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் கேட்காமல் முடிச்சுப் போடுகிறதே என்று ஒரு கூட்டம் கத்த ஆரம்பித்தது. சரி, மாற்றிவிடுவோம் என்றால், இத்தனை காலம் இருந்ததை மாற்றாதே என்று இன்னொரு கூட்டம் கத்தியது. மாற்றவும் தைரியமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. இப்படி இரண்டுங்கெட்டானாக மாட்டிக்கொள்ளும் இடத்தில்தான் உலகத்து எச்சரிக்கைகளில் பாதி பிறக்கின்றன. கமாவைக் கூப்பிட்டு, “ஒரு எச்சரிக்கை எழுதிக் குடு” என்றார்கள். அவள் எழுதியது இது:

*எச்சரிக்கை: உங்கள் இழையும் பொது இழையும் பிரிந்தால் எப்படிச் சேர்ப்பது என்று நீங்கள் குறிப்பிடவில்லை.*
*குறிப்பிடாதவரை முடிச்சு முறை பின்பற்றப்படும். பலருக்கு அதுவே போதும். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.*
*இச்செய்தி மீண்டும் வராதிருக்க, கீழுள்ளவற்றுள் ஒன்றைத் தட்டவும். கவனம்: மூன்றாவது, பிறர் செய்த மாற்றங்களை மறைக்கக்கூடும்.*
*பின்னல் வழி முடிச்சு*
*பின்னல் வழி அடுக்கு*
*பின்னல் வழி எனதே*
*எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்த வேண்டுமானால், கடைசியில் ‘எங்கும்’ என்று சேர்க்கவும்.*

இதைத் தாளில் அச்சடித்து, மென்பொருளே தெரியாத கணக்குப் பிரிவு ஆட்களிடம்கூடக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். எல்லோரும் படித்தார்கள். “நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்டால், “ஒண்ணும் செய்யத் தேவையில்லைன்னு போட்டிருக்கே” என்றார்கள். கமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாசகம் வெளியானது.

பிறகு உதவிப் பிரிவுக்கு அஞ்சல்கள் வரத் தொடங்கின, எல்லாவற்றிலும் ஒரே புகார்: என் கூட்டாளியின் வேலை காணாமல் போய்விட்டது. நான் எதுவும் செய்யவில்லை, நீங்கள் சொன்னதைத்தான் தட்டினேன். எதைத் தட்டினீர்கள் என்று கேட்டால், எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள்: பின்னல் வழி எனதே எங்கும்.

“ஜனங்க படிக்கமாட்டாங்க, கமா. அவ்ளோதான் விஷயம்” என்றார் முடிச்சு. இழைகளைச் சேர்க்கிற பகுதியை எழுதிய நிரலாளர் அவர். அதனால்தான் அந்தப் பெயர். “மூணாவது மறைக்கும்னு கொட்டை எழுத்துல சொல்லியாச்சு. இதுக்கு மேல வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கையைப் பிடிச்சுக்க முடியுமா?”

“படிக்காதவங்கன்னா முதல் வரியைத்தானே தட்டணும்? படிக்காம எப்படி நேரா மூணாவதுக்குப் போவாங்க?”

முடிச்சு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அது... ஒருவேளை எனதேன்னதும் ஆசை வந்துடுதோ என்னமோ.”

“நக்கலா?”

“பதில் தெரியாதப்ப வேற என்ன பண்றது?”

கமா கவனம் என்ற சொல்லைத் தனி வரியாக்கினாள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டாள். மூன்றாவது வழி என்ன செய்யும் என்பதை இன்னும் விரிவாக, ஒரு சிறுகுழந்தைக்குச் சொல்வதுபோல் எழுதிச் சேர்த்தாள். அஞ்சல்கள் குறையவில்லை. கமா தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கமாவின் தம்பி மனைவி போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன். உங்க தம்பி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கேட்டா ஒண்ணுமில்லைங்கிறார். ஒண்ணுமில்லாததுக்கா ஒரு மனுஷன் நல்லா ஓடுற ரேடியோவைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருப்பான்?”

தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது. ரேடியோவும் ஒலிபெருக்கியும் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தான். வாங்கியது கெட்டால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குகிற காலம் வந்ததும் கடையை மூடினான். காது கேட்கும் கருவி செய்கிற சிறிய பட்டறை ஒன்றில், அவனுடைய காதின் கூர்மையைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை. வீட்டுக் கடனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் இருக்கிற ஆள், அந்த வேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போய்வந்தான்.

கமா போனபோது அவன் சாப்பாட்டு மேசையில் ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான்.

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாததை மறுபடி மூடி வை. அப்புறம் சொல்லு.”

மெதுவாகத்தான் சொன்னான். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அட்டவணை உண்டு. எந்த ஒலியை எவ்வளவு தூக்க வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று வரிவரியாக எண்கள். கீழ் ஒலிகள் இவன் பொறுப்பு. மேல் ஒலிகள் கூட வேலை செய்கிற பெண்ணின் பொறுப்பு. நடுவில் சில வரிகளில் இருவருமே கைவைப்பார்கள். அந்தப் பெண் இவனைவிட ரொம்பச் சின்னவள், ஆனால் வேலையில் மூத்தவள். குட்டி சீனியர் என்றுதான் பட்டறையே கூப்பிடும். அவள் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரை உட்கார வைத்து, மனைவி பேசுவது கேட்கவும் வேண்டும், கரண்டி விழுகிற சத்தம் காதைக் கிழிக்கவும் கூடாது என்று நாள்கணக்கில் மெனக்கெட்டு எண்களைக் கண்டுபிடித்தாள். தம்பி ‘பின்னல் கொண்டுவா’ தட்டி, தன் வேலையைச் சேர்த்துப் பொதுவில் வைத்தான். மறுநாள் ஓட்டுநர் வந்து கருவியை மாட்டினார். யாரோ ஒரு தட்டை மேசையில் வைத்தார்கள். மனிதர் நாற்காலியோடு துள்ளிவிட்டார். நடுவரிகளில் அவளுடைய எண் ஒன்றுகூட இல்லை.

“போனது கிடைச்சுதா?” என்றாள் கமா. பின்னலில் ஒருமுறை வைத்தது அழிவதில்லை. மறைக்கப்பட்டது அடியில் எங்காவது கிடக்கும். தேடி எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

“தோண்டி எடுத்துட்டா. நம்பரெல்லாம் வந்துடுச்சு. ஆனா அதுவரைக்கும் அண்ணா அண்ணான்னு கூப்பிட்டவ, இப்ப ‘ஏங்க’ன்னு கூடச் சொல்றதில்ல. முதலாளி கூப்பிட்டுச் சொல்லிட்டார். ஒரு அட்டவணையை ரெண்டு பேரால பகிர்ந்துக்க முடியலைன்னா, ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும்னு. வியாழக்கிழமை நான் என்னோடதையும் அவளோடதையும் மறுபடி சேர்க்கணும். இன்னொரு தடவை அவ நம்பர் போச்சுன்னா, நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.” கையைப் பார்த்துக்கொண்டான். “அதைத் தட்டவே கை வரமாட்டேங்குதுக்கா.”

“ஏன் அப்படி ஆச்சு? நீ என்ன தட்டின?”

“அது சொன்னதைத்தான் தட்டினேன்! தினமும் ஒரு எச்சரிக்கை வரும். நான் மட்டும் வேலை பார்க்கிற அன்னைக்கும் வரும், சும்மா திறந்து மூடினாலும் வரும். கொசு மாதிரி. சனியன் ஒழியட்டும்னு அது காட்டினதை ஒரு நாள் தட்டினேன். கொசு போச்சு, கூடவே அவ வேலையும் போச்சு. அந்த மெசேஜை எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், மவனே...”

கமா குடித்துக்கொண்டிருந்த தேநீர் எங்கேயோ தப்பான வழியில் போய்விட்டது. தம்பி மனைவி ஓடிவந்து முதுகில் தட்டினாள்.

“எழுதினவன் இல்லடா” என்றாள் கமா, இருமலுக்கு நடுவில். “எழுதினவ.”

தம்பி ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது.

“நீயா?”

“நான்தான்.”

“சின்ன வயசுல நீ சொல்லிக்குடுத்த வீட்டுப்பாடத்தை எழுதிட்டுப் போய் வாத்தியார்கிட்ட வாங்கினேனே, அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும்.”

“திட்டு. நல்லா திட்டு. ஆனா முதல்ல அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டா. நீ என்ன பார்த்தன்னு நான் பார்க்கணும்.”

பட்டறை மடிக்கணினியைக் கொண்டுவந்து திறந்தான். கமா புதிதாக ஒரு திட்டத்தைத் தொடங்கி, அவன் போட்டிருந்த வழியை அதற்கு மட்டும் எடுத்துவிட்டு, “தட்டு” என்றாள். ‘பின்னல் கொண்டுவா’ என்று தட்டினான்.

கமா குனிந்து பார்த்தாள்.

திரையில் முக்கால்வாசி இடத்தை எண் அட்டவணை பிடித்திருந்தது. அதுதானே அவனுக்கு வேலை. கட்டளைகள் தட்டுகிற இடம் அடியில் ஓர் ஒல்லியான பட்டையாகக் கிடந்தது. படிக்கக் கண்ணாடி போட வேண்டிய வயது என்பதால் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தான். அந்தப் பட்டையில் மொத்தம் நான்கு வரிகள்தான் தெரிந்தன. கடைசி வாசகம் நீளமாக இருந்ததால் இரண்டாக மடிந்து இரண்டு வரிகளைத் தின்றுவிட்டது. அடுத்த கட்டளைக்காக மின்னிக்கொண்டிருந்த குறி ஒரு வரி. மிச்சம் ஒன்று. அந்த ஒன்றில் இருந்தது: பின்னல் வழி எனதே.

எச்சரிக்கை என்ற சொல் இல்லை. நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்ற வாக்கியம் இல்லை. முடிச்சும் இல்லை, அடுக்கும் இல்லை, கோடு போட்டுக் காட்டிய கவனமும் இல்லை. எல்லாம் மேலே உருண்டுபோய்விட்டன. அவளும் நிரலாளர் முடிச்சும் அலுவலகத்தில் எல்லோரும் வாசகத்தைத் தாளில் பார்த்தார்கள், அல்லது சுவரளவு அகலமான திரையில் பார்த்தார்கள். இவன் பார்த்தது இதை. ஒரு கட்டளை, அதற்குக் கீழே, எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டுமானால் ‘எங்கும்’ சேர்க்கச் சொல்லும் ஒரு யோசனை. இதைப் பார்க்கிற யார்தான் வேறு எதைத் தட்டுவார்கள்?

“மேல தள்ளிப் பார்த்திருக்கலாமே” என்றாள் தம்பி மனைவி.

“மேல ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே மேல போறதுக்கு!” என்றான் தம்பி.

 கமா எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிதாக்கினால் அடுக்கும் எனதேயும் தெரிந்தன. அப்படிப் பார்த்தவர்களில் சிலர் அடுக்கைத் தட்டியிருப்பார்கள். அவர்களுக்குத் தொல்லை வராது, அதனால் அஞ்சலும் வராது. இன்னும் பெரிய பட்டை வைத்திருப்பவர்கள் முழுவதையும் படித்து, எதுவும் செய்யாமல் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அவர்களும் எழுதமாட்டார்கள். உதவிப் பிரிவுக்கு எழுதினவர்கள் இந்த ஒல்லிப் பட்டைக்காரர்கள் மட்டும். எல்லோரும் மூன்றாவதையே தட்டுகிறார்கள் என்று அவள் நினைத்தது அதனால்தான். அவள் விளக்கத்தைக் கூட்டக் கூட, வரிகள் கூடின, நல்ல வரிகள் இன்னும் மேலே போயின.

“நீங்களே வந்து வியாழக்கிழமை செஞ்சு குடுத்துடுங்களேன்க்கா” என்று தம்பி மனைவி கேட்காத குறையாகப் பார்த்தாள். தம்பி அதைப் பார்த்துவிட்டான்.

“வேண்டாம். அக்கா செஞ்சு குடுத்தா அடுத்த வாரம் யார் வருவா? நானே செய்யணும். செய்யத் தெரியுதுன்னு அந்தப் பொண்ணு பார்க்கணும்.”

“சரி” என்றாள் கமா. “நீயே செய். உனக்கு அது என்ன சொல்லுதுங்கிறதை மட்டும் நான் பார்த்துக்கறேன்.”

திங்கட்கிழமை காலையில் முடிச்சு தன் இருக்கைக்கு வந்தபோது, அவருடைய பெரிய திரையில் கமா பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டியிருந்தாள். எழுத்தைத் தம்பியினுடையது அளவுக்குப் பெரிதாக்கி, அடியில் நான்கு வரி உயரத்துக்கு மட்டும் திறப்பு விட்டிருந்தாள்.

“இது என்ன கூத்து?”

“உக்காருங்க. ‘கொண்டுவா’ தட்டுங்க. என்ன செய்யணும்னு தோணுதோ அதைச் செய்யுங்க.”

அவர் தட்டினார். பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார்.

“அடப்பாவி” என்றார் கடைசியில். “நானே தட்டிடுவேன் போல இருக்கே.”

அதற்குப் பிறகு சண்டை வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்தது. வரிசையைத் தலைகீழாக்கினால் போதும் என்றார் முடிச்சு. முடிச்சு வழி கடைசி வரியாக வரட்டும், தீர்ந்தது. கமா ஒத்துக்கொள்ளவில்லை.

“தினமும் வருது, தேவையில்லாதப்பவும் வருதுன்னு கொசு மாதிரி விரட்டறாங்க. முதல்ல வாயை மூடுவோம். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தா சேர்க்கறதுக்கு என்ன இருக்கு? பேசாம கொண்டுவந்து வச்சுட்டுப் போகட்டும். ரெண்டு பக்கமும் மாறியிருந்தா மட்டும் பேசணும்.”

“சரி. பேசிட்டு?”

“நிக்கணும்.”

“நின்னா கிழிச்சுடுவாங்க! ஆள் இல்லாம தானா ஓடற கணினி எத்தனை இருக்கு தெரியுமா? எல்லாம் பாதியில நின்னு கிடக்கும். காலையில வந்து பார்க்கறவன் நம்மளைத்தான் தேடி வருவான்.”

இதில் அவர் சொன்னது சரி. கமா யோசித்தாள். “எதிர்ல ஆள் உக்காந்திருக்காங்களான்னு பின்னலுக்குத் தெரியுமா?”

“தெரியும். தட்டறது மனுஷனா, வேற நிரலான்னு கண்டுபிடிக்கலாம்.”

“அப்ப ஆள் இருந்தா நிக்கட்டும். ஆள் இல்லாத இடத்துல பழையபடி முடிச்சு.”

முடிச்சு தாடையைச் சொறிந்தார். அது அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். “எனதேயை என்ன பண்றது? ஏற்கெனவே ‘எங்கும்’ போட்டு வச்சிருக்கிறவங்க?”

“அதை நிரந்தரமா வைக்க முடியாதுன்னு ஆக்கிடுவோம். வேணும்னா அந்தந்தத் தடவை தட்டிக்கட்டும்.”

“தனியா வேலை பார்க்கிறவங்க திட்டுவாங்க.”

“திட்டட்டும். ஒரு சொல் கூடத் தட்டறதால யாருக்கும் வேலை போகாது.”

அவள் குரலில் ஏதோ இருந்தது. முடிச்சு நிமிர்ந்து பார்த்தார். நிரலை எழுத உட்கார்ந்துவிட்டார். கமா வாசகத்தை எழுத உட்கார்ந்தாள். நீளமாக எழுதுவது எளிது. அவள் இத்தனை நாள் செய்தது அதைத்தான். இப்போது நான்கு வரிப் பட்டையில், பெரிய எழுத்தில், மடியாமல் அடங்க வேண்டும். கடைசி வரியாக எது நிற்கிறதோ அதைத்தான் கை தட்டும், ஆகவே பெரும்பாலோருக்கு எது நல்லதோ அதுவே கடைசியில் நிற்க வேண்டும். அதற்கு முந்தைய வரியில், பயந்துபோன ஒருவன் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இருக்க வேண்டும். அது என்னவென்று அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. கை வரமாட்டேங்குது என்று சொன்னானே. எழுதிய ஒவ்வொன்றையும் அட்டைப்பெட்டியின் திறப்பில் வைத்துப் பார்த்தாள். முதல்முறையாக, தான் போட்ட கமாக்களை எல்லாம் தானே பிடுங்கினாள்.

புதிய வாசகத்தை நிஜ ஆட்களிடம் சோதித்துப் பார்ப்பது வழக்கம். பட்டறை முதலாளியிடம் கமா அனுமதி கேட்டாள், இன்னாருடைய அக்கா என்பதையும் மறைக்காமல் சொன்னாள். “பேசாம உக்காந்திருப்பீங்கன்னா வாங்க” என்றார் அவர். அதுதான் விதியும்கூட. பார்க்க வந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் சோதிக்கப்படுவது வாசகமாக இருக்காது.

வியாழக்கிழமை தம்பியின் மடிக்கணினியில் புதிய பின்னலை ஏற்றிவிட்டு, அவன் மேசையருகே அவனுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மேசை நெடுக இருவிரல் அளவு கருவிகள், மெல்லிய கம்பிகள், காதின் உட்புறத்தை வார்த்தெடுத்த சின்னச் சின்ன அச்சுகள். மேசையின் மறுகோடியில் குட்டி சீனியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என் நம்பரை எல்லாம் போன்ல படம் பிடிச்சு வச்சிருக்கேன்” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

தம்பி ‘பின்னல் கொண்டுவா’ என்று தட்டினான். பட்டையில் எழுத்துகள் வந்து நின்றன. அவன் கை பொத்தானுக்கு மேல் அந்தரத்தில் உறைந்தது.

“நின்னுடுச்சு” என்றான்.  “இப்ப என்ன ஆச்சு?”

கமா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கீழே படிடா என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டாள், வாய்க்கும் கைக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிற மாதிரி.

தம்பி கண்ணாடியைச் சரிசெய்தான். உதடு அசைந்தது. தோள்கள் மெல்ல இறங்கின.

“எதுவும் சேரலையாம். அப்ப நம்பர் எல்லாம் அப்படியே இருக்கு.”

“படிங்க, பார்க்கலாம்” என்று குட்டி சீனியர் ஓரடி கிட்டே வந்தாள்.

அவன் கடைசி வரியைப் பார்த்து ‘பின்னல் முடிச்சு’ என்று தட்டினான். பின்னல் அட்டவணையை ஓடிப் பார்த்து, நடுவில் இருவரும் கைவைத்த இடத்தில் நின்று, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது.

“சீனியர், இங்க நீங்க அமுக்கியிருக்கீங்க. நான் தூக்கியிருக்கேன்.”

“கரண்டி சத்தம் அங்கதான் இருக்கு. தூக்கினா அவர் துள்ளுவார்.”

“ஆனா அவர் மனைவி பேச்சுல பாதி அதே இடத்துலதான் இருக்கு. எனக்குக் காதுல கேட்டது. நான் அதுக்காகத்தான் தூக்கினேன்.”

“அப்படியா?” குட்டி சீனியர் யோசித்தாள். அவளுடைய நாற்காலி மேசையின் அந்தக் கோடியிலிருந்து உருண்டு இந்தப் பக்கம் வந்தது. “அப்ப இந்த வரியில உங்களோடதை வைங்க. அடுத்ததுல என்னோடதை. கரண்டி அடுத்ததுலதான் ரொம்ப.”

வரிவரியாகக் கேட்டது, வரிவரியாகச் சொன்னார்கள். முடிந்ததும் அவள் போனில் இருந்த படத்தோடு மேலிருந்து கீழ்வரை ஒப்பிட்டாள். தம்பி அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கமாவும்தான்.

“நாம பேசி மாத்தினது போக, எல்லாம் இருக்கு” என்றாள் குட்டி சீனியர். போனைப் பையில் போட்டாள். “சாப்பாட்டுக்கு அப்புறம் பஸ்காரர் வர்றார். நீங்களும் கூட உக்காருங்கண்ணா. அந்தப் பேச்சு விஷயம் சரியான்னு கேட்டுடலாம்.”

முதலாளி கதவருகே எட்டிப் பார்த்தார். ஒரே மேசையின் ஒரே பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் இருப்பதைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.  பேசக் கூடாதவள் என்பதால் கமா தம்பியின் முதுகில் ஒரு தட்டு மட்டும் தட்டிவிட்டு எழுந்தாள்.

அடுத்த பதிப்பில் பின்னல் இப்படி வெளியானது. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அது எதுவும் சொல்லாது. இரண்டு பக்கமும் மாறியிருந்து, எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால், எதையும் தொடாமல் நிற்கும். ஆள் இல்லாவிட்டால் பழையபடி முடிச்சுப் போடும். எனதே என்பது, தட்டுகிற அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லும். அதன் விவரம் உதவிப் பக்கத்தில் இருக்கும், எச்சரிக்கையில் இருக்காது. நிற்கிறபோது திரையில் வருவது இரண்டே வரிகள், எந்தப் பட்டையிலும் இரண்டும் தெரியும்:

*இருவரும் மாற்றியிருக்கிறீர்கள். எதுவும் இன்னும் சேரவில்லை.*
*இரண்டையும் வைத்துச் சேர்க்க: பின்னல் முடிச்சு*